எண்ணெய் சொட்டினால் கியர் பாக்ஸை இறக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: பத்து வருடப் பழைய பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். இரவு நிறுத்திய இடத்தில் காலையில் கறுப்பாக நாலைந்து சொட்டு எண்ணெய் கிடக்கிறது. மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, “பின்பக்க கிராங்க் ஆயில் சீல் போயிடுச்சு. கியர் பாக்ஸை இறக்கணும், கிளட்ச் செட்டையும் சேர்த்து மாத்திடலாம், 22,000 ரூபாய் ஆகும்” என்கிறார். செய்துவிடலாமா?
– ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: இப்போதே சரி என்று சொல்லிவிடாதீர்கள். சீல், அதாவது எஞ்சினின் சுழலும் தண்டு கியர் பாக்ஸ் பக்கம் வெளியே வரும் இடத்தில் எண்ணெயைத் தடுக்கும் வளையம், போயிருக்கலாம். ஆனால் குனிந்து பார்த்த ஒரே பார்வையில் அதை உறுதியாகச் சொல்ல முடியாது. எஞ்சினில் மேலே எங்கே கசிந்தாலும் எண்ணெய் கீழேதான் இறங்கும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் வந்து சொட்டும். ஓட்டு வீட்டில் மழைத்தண்ணீர் சொட்டும் இடத்துக்கு நேர் மேலேயா ஓடு உடைந்திருக்கிறது?

முதலில் பார்க்க வேண்டியது டேப்பட் கவர் பேக்கிங், அதாவது எஞ்சினின் உச்சியில் இருக்கும் மூடிக்கு அடியில் வரும் ரப்பர். வயதான பெட்ரோல் எஞ்சின்களில் அந்த ரப்பர் வெயிலிலும் சூட்டிலும் இறுகிப்போகும். கவரின் பின் ஓரத்தில் விரலை விட்டுத் தடவினாலே ஈரம் தெரிந்துவிடும். அடுத்தது ஆயில் பிரஷர் சுவிட்ச். எஞ்சின் பக்கவாட்டில் பெரும்பாலும் ஒற்றை வயரோடு இருக்கும் சின்னப் பொருள் அது. கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே எண்ணெய் இருந்தால் கசிவது அந்த சுவிட்சேதான். இந்த இரண்டுக்கும் கியர் பாக்ஸ் பக்கமே போக வேண்டாம், செலவும் மிகக் குறைவு. அண்மையில் சர்வீஸ் விட்டிருந்தால் ஆயில் ஃபில்டரையும் பழைய எண்ணெயை வடிக்கும் டிரெயின் போல்ட்டின் வாஷரையும் பார்க்கச் சொல்லுங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன் மேலேயே புதியதை மாட்டிவிடுவதும் நடக்கிறது.

இதிலெல்லாம் தெரியவில்லை என்றால், எஞ்சினை டீகிரீசர் (எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கும் திரவம்) போட்டுத் துடைத்துக் காய வைக்க வேண்டும். வேகமாகத் தண்ணீர் அடிக்க விடாதீர்கள், வயரிங் கெடும். காய்ந்த பின் சந்தேகப்படும் இடங்களில் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைத் தூவி, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்து மேலிருந்து கீழாகப் பாருங்கள். நனைந்த இடங்களிலேயே எது மிக உயரத்தில் இருக்கிறதோ, கசிவு அங்கேதான். இதிலும் பிடிபடாவிட்டால் எண்ணெயில் கலக்கும் யூவி சாயம் இருக்கிறது. கொஞ்சம் ஊற்றி ஓட்டிவிட்டு நீல விளக்கில் பார்த்தால் கசியும் தடம் மஞ்சள் பச்சையாக ஒளிரும். இப்படித் தேடிக் கொடுப்பதற்கு மெக்கானிக் தனியாகக் கூலி கேட்டால் தயங்காமல் கொடுங்கள். அது நியாயமான கூலி. வெறும் ஜாக்கை நம்பி மட்டும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.

சரி, சீல்தான் என்றே உறுதியாகிவிட்டது. அப்புறமும் ஒரு கேள்வி கேளுங்கள்: “பிசிவி வால்வைப் பார்த்தீர்களா?” எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் வால்வு அது. அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீலையும் தாண்டி எண்ணெய் வெளியே வரும். அதை விட்டுவிட்டுப் புது சீல் போட்டால் மறுபடியும் கசியும். கிளட்சை ஒரே வேலையில் மாற்றும் யோசனை தப்பில்லை. கியர் பாக்ஸை இறக்கும் கூலி ஒரு தடவையோடு போகும். ஆனால் பழைய கிளட்ச் பிளேட் உண்மையிலேயே தேய்ந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள்.

பொருள், லேபர் இரண்டையும் தனித்தனியாக எழுதிய எஸ்டிமேட்டை முதலிலேயே வாங்குங்கள். கழற்றிய சீலையும் பிளேட்டையும் உங்களிடம் தரவேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள். பில் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடவடிக்கை. தகராறு வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது, 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும்.

அவசரம் எவ்வளவு என்பதை, எஞ்சின் எண்ணெயின் அளவைக் காட்டும் கம்பியான டிப் ஸ்டிக் சொல்லும். வாரம் ஒருமுறை, வண்டி சமதளத்தில் நின்று எஞ்சின் ஆறிய பின் பாருங்கள். எண்ணெய் இரண்டு கோடுகளுக்கு நடுவிலேயே நின்றால் நிதானமாகத் தேடலாம். மளமளவென்று இறங்கினாலோ, சூடான சைலன்சர் குழாயில் விழுந்து தீய்ந்த வாடை வந்தாலோ, ரிப்பேர் முடியும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.