கேள்வி நேரம்: திரும்ப டிவிக்கே வந்துட்டா தோத்துட்டாங்களா?

கேள்வி: டிவில பேர் வாங்கின ஒரு லேடி டைரக்டர், சினிமா பண்ணிட்டு மறுபடி சீரிஸ் பக்கமே வந்துட்டா அது இறங்குமுகம்தானே? எனக்கும் என் தங்கச்சிக்கும் இதுல பெரிய சண்டை, நீங்களே தீர்ப்பு சொல்லுங்க.

பதில்: தங்கச்சி கட்சிங்க நான், கோச்சுக்காதீங்க. ஹாலிவுட்ல மிமி லெடர்னு ஒருத்தங்க. 'ஈஆர்'ங்கற ஹாஸ்பிட்டல் சீரிஸ்ல ஒரு பிரசவ எபிசோட் டைரக்ட் பண்ணாங்க, சாதாரண இன்ஃபெக்‌ஷன்தான்னு டாக்டர் வீட்டுக்கு அனுப்பின கர்ப்பிணி கொஞ்ச நேரத்துலயே வலிப்போட திரும்பி வர்றாங்க, கடைசில குழந்தை பிழைச்சு அம்மா போயிடறாங்க, பாத்து முடிச்சா கொஞ்ச நேரம் பேச்சே வராது. அதுக்குத்தான் 1995ல எம்மி, டிவிக்குக் குடுக்கற பெரிய விருது. 1997ல ட்ரீம்வொர்க்ஸ் ஸ்டூடியோ ரிலீஸ் பண்ண முதல் படமே இவங்க டைரக்‌ஷன், அடுத்த வருஷம் 'டீப் இம்பாக்ட்' உலகம் முழுக்க 34 கோடி டாலருக்கு மேல வசூல். 2000ல வந்த படம் எதிர்பார்த்த அளவு ஓடல. அவ்வளவுதான், அடுத்து தியேட்டருக்குன்னு ஒரு பெரிய படம் கைக்கு வர 2018 ஆயிடுச்சு! (ரெண்டு மூணு படம் ஊத்திக்கிட்ட ஆம்பளை டைரக்டருங்க எத்தனை பேர் ஜாலியா அடுத்த பூஜை போட்டாங்கன்னு நீங்களே எண்ணிப் பாருங்க.) நடுவுல சும்மாவா இருந்தாங்க, 'தி லெஃப்ட்ஓவர்ஸ்' சீரிஸ்ல கடைசி எபிசோட் வரைக்கும் அவங்க கை இருக்கு. கதவைச் சாத்தினது சினிமா, சோறு போட்டது டிவி, இதுல இறங்குனது யாரு?

கேள்வி: அந்தக் காலத்துலயும் இப்படி லேடி டைரக்டர் உண்டா?

பதில்: ஐடா லுபினோ. ஹாலிவுட் நடிகை. 1949ல தான் தயாரிச்ச படத்தோட டைரக்டருக்கு ஹார்ட் அட்டாக் வந்துடுச்சு, இவங்களே எடுத்து முடிச்சாங்க, டைட்டில்ல மட்டும் அவர் பேரு. அப்புறம் சொந்தப் பேர்லயே வரிசையா படம். 1953க்கு அப்புறம் அடுத்த சினிமா டைரக்‌ஷன் 1966லதான், நடுவுல கௌபாய் கதை, த்ரில்லர்னு டிவில புகுந்து விளையாடினாங்க. டைரக்டர் சேர் முதுகுல 'நம்ம எல்லாருக்கும் அம்மா'ன்னு எழுதி வெச்சிருப்பாங்களாம். பழைய 'ட்வைலைட் ஸோன்'ங்கற மர்மக் கதை சீரிஸ் மொத்தம் 156 எபிசோட், அதுல பொம்பளை டைரக்ட் பண்ணது ஒண்ணே ஒண்ணு, 1964ல இவங்க எடுத்த முகமூடிக் கதை. சொத்துக்காக நடுராத்திரி வரைக்கும் கோரமான முகமூடி மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கற குடும்பம், பன்னெண்டு மணி அடிச்சதும் கழட்டினா முகமே அப்படி மாறிக் கிடக்கு. அரை மணி நேரம்கூட ஆகாது, தங்கச்சியோட உக்காந்து பாத்துட்டு அப்புறம் சண்டையைத் தொடருங்க.