டிக்கெட் தீர்ந்த நிகழ்ச்சிக்கு இணையத்தில் டிக்கெட் கிடைத்தால் வாங்கலாமா?

கேள்வி: நானும் கணவரும் அட்லாண்டாவில் வசிக்கிறோம். இருவருக்கும் கன்ட்ரி ராக் இசையில் ஈடுபாடு அதிகம். எங்களுக்குப் பிடித்த பாடகர் நாஷ்வில் நகரின் ரைமன் அரங்கில் ஒரு சனிக்கிழமை பாடுகிறார். டிக்கெட் தீர்ந்துவிட்டது என்கிறார்கள். ஆனால் கூகுளில் தேடினால் முதலில் வரும் தளத்தில் இருக்கிறது. வாங்கலாமா? ஹோட்டல் அறையை இப்போதே எடுத்துவிடலாமா?

பதில்: அந்தத் தளத்தில் வாங்க வேண்டாம். அறையை இன்றே எடுங்கள். ஆனால் கட்டணமில்லாமல் ரத்து செய்யக்கூடிய அறையாக இருக்க வேண்டும்.

தேடலில் முதலில் வருவது பெரும்பாலும் பணம் கொடுத்து வாங்கிய விளம்பர இடம். அரங்கின் பெயரை முகவரியில் செருகி, அரங்கின் படத்தையும் மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தத் தளங்களை நடத்துபவர்கள் மறுவிற்பனைத் தரகர்களே. அவர்களில் சிலரிடம் டிக்கெட்டே இருக்காது. உங்களிடம் பணத்தை வாங்கிவிட்டு, பிறகு விலை இறங்கும்போது எங்காவது வாங்கித் தரலாம் என்று காத்திருப்பார்கள்; கிடைக்காவிட்டால் நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் பணத்தைத் திருப்பிவிட்டுக் கைகழுவுவார்கள். பகுதியும் வரிசையும் போட்டு, இருக்கை எண்ணை மட்டும் காட்டாத டிக்கெட்டைத் தொடவே தொடாதீர்கள்.

ரைமனில் இருக்கை எண் முக்கியம் என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1892இல் வழிபாட்டு மன்றமாகக் கட்டப்பட்ட, 2,362 பேர் அமரக்கூடிய அந்த அரங்கில் தனித்தனி நாற்காலிகள் கிடையாது. தேவாலயத்தில் உள்ளதுபோன்ற நீண்ட மர பெஞ்சுகள்தாம். மாடத்தைத் தாங்கும் தூண்களுக்குப் பின்னால் இடம் அமைந்துவிட்டால், பாடகரைப் பார்க்க மாலை முழுவதும் கழுத்தைச் சாய்த்துக்கொண்டே உட்கார வேண்டியிருக்கும். அரங்கின் சொந்தத் தளத்தில் பார்வை மறைப்பு குறிப்பிடப்படும். தரகர் அதைச் சொல்லுவார் என்று நம்பாதீர்கள்.

தமிழர் வாட்ஸ்அப் குழுக்களில் 'நண்பர் வரமுடியவில்லை, வாங்கிய விலைக்கே தருகிறேன்' என்று வரும் ஸ்கிரீன்ஷாட்டுகளும் அப்படித்தான். இப்போதைய மொபைல் டிக்கெட்டுகள் பலவற்றில் பார்கோடு சில நொடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். படம் பிடித்து அனுப்பியது வாசலில் செல்லாது. செயலி வழியாக உங்கள் கணக்குக்கு டிக்கெட் மாற்றப்பட்ட பிறகே பணம் கொடுங்கள். வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் பணம் அனுப்பும் 'ஜெல்' (Zelle) சேவையில் அனுப்பிய பணம் போனது போனதுதான். கிரெடிட் கார்டில் கட்டினால் வங்கியிடம் முறையிடவாவது முடியும்.

இதையெல்லாம் அரசு கவனிக்காதா என்று கேட்பீர்கள். மென்பொருள் கொண்டு டிக்கெட்டுகளை மொத்தமாக அள்ளுவதைத் தடுக்க 2016இல் சட்டம் வந்தது. அதன்படி முதல் நடவடிக்கை எடுக்கவே 2021 ஆனது. கட்டணங்களை ஒளிக்காமல் முழு விலையையும் முதலிலேயே காட்ட வேண்டும் என்ற விதி 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. காட்டச் சொன்னார்களே தவிர, குறைக்கச் சொல்லவில்லை.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது, அரங்கின் சொந்தத் தளத்தைக் கடைசி வாரத்தில் தினமும் பார்ப்பது. மேடை அமைப்புக்காகவும் விருந்தினருக்காகவும் ஒதுக்கிவைத்த இடங்களில் மிஞ்சியவை அப்போது சாதாரண விலைக்கே விற்பனைக்கு வருவதுண்டு. தரகர்களின் விலையும் பெரும்பாலும் அந்த நாள்களில்தான் இறங்கும்.

அறையைப் பற்றி ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நிகழ்ச்சி ரத்தானால் டிக்கெட் பணம் திரும்பும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பாடகருக்குத் தொண்டை கட்டினால் நிகழ்ச்சியை ரத்து செய்வதைவிடத் தள்ளிவைப்பதே வழக்கம். தள்ளிவைத்தால் உங்கள் டிக்கெட் புதிய தேதிக்குச் செல்லும், பணம் திரும்பும் என்று உறுதி கிடையாது. சில அமைப்பாளர்கள் குறுகிய கால அவகாசம் கொடுத்து, அதற்குள் கேட்டால் மட்டும் தருவார்கள். அந்த மின்னஞ்சலும் முதலில் வாங்கியவருக்கே போகும், மறுவிற்பனையில் வாங்கிய உங்களுக்கு வராமலே போகலாம். ரத்தே ஆனாலும் அரங்கு பணத்தை அனுப்புவது முதலில் வாங்கியவரின் அட்டைக்குத்தான். நீங்கள் மறுவிற்பனைத் தளத்திடம்தான் கேட்க வேண்டும். இந்தச் சிக்கல் எதிலும் ஹோட்டல்காரருக்குப் பங்கில்லை என்பதால், சில டாலர் அதிகமானாலும் கடைசி 2 அல்லது 3 நாள் வரை ரத்து செய்யக்கூடிய அறையையே எடுங்கள்.

அறை எடுக்கும்போது 'ஆப்ரி அருகில்' என்ற விளம்பரத்தில் ஏமாறாதீர்கள். ஆப்ரி என்பது கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற கன்ட்ரி இசை வானொலி நிகழ்ச்சி. அது 1943 முதல் 1974 வரை ரைமனில் நடந்தது உண்மை. பிறகு அது நகர மையத்திலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டர் தள்ளிப் புதிய அரங்கிற்குப் போய்விட்டது. நகர மையத்தில் தங்கினால் கன்ட்ரி இசை அருங்காட்சியகத்துக்கும் பிராட்வே தெருவுக்கும் நடந்தே போகலாம். அந்தத் தெருவின் இசைக்கூடங்கள் பலவற்றில் பகலில் நுழைவுக் கட்டணம் இல்லை. வாசிப்பவர்கள் டிப்ஸை நம்பியே வாசிக்கிறார்கள், சில்லறை நோட்டுகள் வைத்துக்கொள்ளுங்கள்.

அட்லாண்டாவிலிருந்து காரில் ஏறக்குறைய 4 மணி நேரம். நாஷ்வில் கடிகாரம் உங்களுடையதைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. போகும்போது மிச்சமாகும் அந்த நேரம் ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது கழிந்துவிடும் என்பதால், மதிய உணவுக்கு முன்பே கிளம்பிவிடுங்கள்.