உறைபனியில் கருகிய வல்லாரையைப் பிடுங்கலாமா?

கேள்வி: ஊட்டிக்கு அருகே தலைக்குந்தா பக்கம் சரிவில் வீடு. புல் வெட்டி மாளவில்லை என்று போன ஜூனில் வல்லாரை நட்டேன். கவனிப்பே தேவைப்படாமல் நன்றாகப் படர்ந்தது. ஜனவரிப் பனியில் கீழ்ப்பாதி முழுக்கக் கருகிவிட்டது. பிடுங்கிவிட்டு வேறு நடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். இலைக்குள் இருக்கும் நீர் உறைந்து திசுவைக் கிழித்துவிடுவதால், வெந்நீரில் போட்ட கீரை மாதிரி துவண்டு கறுத்திருக்கும். கொடி தப்பித்திருக்கலாம். ஒரு கணுவைத் தூக்கி நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே வெளுப்பாக, கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகி நசநசத்தால் அந்தக் கணு போய்விட்டது. கருகிய இலைகளை வெட்டவும் வேண்டாம். பார்க்க அசிங்கம்தான், ஆனால் பிப்ரவரி முடியும்வரை கணுக்களுக்கு அதுதான் போர்வை.

கீழ்ப்பாதி மட்டும் என்கிறீர்களே, விஷயம் அதில்தான் இருக்கிறது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டை இழக்கும். அதை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, தண்ணீர் போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். வராந்தாவில் தெர்மாமீட்டர் 3 டிகிரி காட்டும்போதே புல்மட்டத்தில் 0-க்குக் கீழே போயிருக்கலாம். சரிவின் அடியில் மதில் இருக்கிறதா? இருந்தால் அதுதான் அணை. மழைநீருக்கு விடுவதைவிடப் பெரிய திறப்பாக அடியில் இரண்டு மூன்று விடுங்கள்.

அடுத்த நவம்பரிலிருந்து, வானம் தெளிந்திருக்கும் மாலைகளில் மூடிவையுங்கள். ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலார் செடிகளால் மூடியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உங்களுக்குப் பழைய சாக்கே போதும். வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் ஷீட் மட்டும் வேண்டாம், இலையில் பட்ட இடமெல்லாம் கருகும். மண் காய்ந்திருந்தால் காலையிலேயே நீர் விடுங்கள். ஈரமண் பகல் சூட்டைக் கூடுதலாகப் பிடித்துவைக்கும். செப்டம்பருக்குப் பிறகு யூரியா போடாதீர்கள், இளந்தளிர்தான் முதலில் பலியாகும்.

அப்புறம், கருகிய இடைவெளியில் கிக்கியு புல் நுழையும். என்னைக் கேட்டால் வல்லாரைக்குப் பனியைவிட அதுதான் பெரிய பகை. அறுத்தால் போதாது, மண்ணுக்குள் ஓடும் தண்டோடு தோண்டி எடுக்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும் வருஷா வருஷம் அடிச்சரிவு கருகினால், அந்தக் கீற்றில் மட்டும் மாண்டோ புல் வைத்துவிடுங்கள். இந்தப் பனிக்கெல்லாம் அது அசராது.

சரி, துவையலுக்குப் பறிக்கிறீர்கள் என்றால் ஒன்று: சாக்கடையோ, தோட்டத்தில் மருந்தடித்த தண்ணீரோ வழியும் ஓரத்தில் பறிக்காதீர்கள்.