மர வீடும் உள் காண்ட்ராக்ட் ஆட்களும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

தென்காசி, குமரி மாவட்டங்களின் மலையடிவாரத்திலிருந்து வந்த கேள்விகள்தான் இந்த முறை அதிகம். மர வேலையும் மேற்பார்வையுமாக நெடுங்காலம் இந்தப் பக்கத்திலேயே இருந்தவன் என்பதால், கண்ணால் பார்த்ததை வைத்தே எழுதுகிறேன்.

கேள்வி (செங்கோட்டை): மொத்த வேலையையும் ஒரு காண்ட்ராக்டரிடம் கொடுத்தேன். மர வேலையை அவர் ஓர் ஆசாரிக்கு உள் காண்ட்ராக்ட் விட்டுவிட்டார். நான் பணம் சரியாகக் கொடுத்தும் ஆசாரிக்குப் போய்ச் சேரவில்லை. பாதி செதுக்கிய கழுக்கோல்களையும் (ஓடு தாங்கும் சாய்வுக் கூரைச் சட்டங்கள்) கதவு நிலைகளையும் அவர் தன் பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டார். கூரை திறந்து கிடக்கிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் காண்ட்ராக்டருக்கு அடுத்த தவணை கொடுப்பதை நிறுத்துங்கள். ஆசாரியிடம் கோபப்படாதீர்கள். அவர் தன் கூலிக்குத்தான் அந்த மரத்தைப் பிடித்து வைத்திருக்கிறார், அவரை நம்பி இரண்டு கையாட்கள் இருப்பார்கள். மூன்று பேரும் ஒரே இடத்தில் உட்காருங்கள். எத்தனை கழுக்கோல் முடிந்தது, எத்தனை நிலை பாக்கி, கூலி எவ்வளவு நிற்கிறது என்று எண்ணி ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தொகையை நீங்களே ஆசாரிக்கு நேராகக் கொடுத்து, காண்ட்ராக்டர் கணக்கில் கழித்துக்கொள்வதாக எழுதி மூவரும் கையெழுத்துப் போடுங்கள். பணம் வங்கி வழியாகப் போகட்டும். மரக்கடை பில் உங்கள் பெயரில் இருந்தால் பேசுவது எளிது. காண்ட்ராக்டர் பெயரில் இருந்தால், இனி வாங்கும் மரத்துக்காவது உங்கள் பெயரில் பில் கேளுங்கள்.

இதே நிலையில் நானும் நின்றிருக்கிறேன். தக்கலைக்குப் பக்கத்தில் என் சொந்த வீட்டு வேலை. தெரிந்தவர்தானே என்று ஒருவரிடம் மொத்தமாகக் கொடுத்தேன், எழுத்தில் எதுவும் இல்லை. மோந்தாயம் (கூரையின் உச்சி உத்தரம்) ஏற்றி, கழுக்கோல் பாதி வரிசையாக வைத்த நேரத்தில் ஆசாரி வராமல் போனார். நான்காவது நாள் இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் நனைந்த பலகைகள் முறுக்கிக்கொண்டன, மச்சுக்கு வைத்திருந்ததில் கால் பங்கை விறகுக்குத்தான் போட வேண்டி வந்தது. விசாரித்தபோதுதான் தெரிந்தது, நான் கொடுத்த பணம் வேறொரு இடத்து வேலைக்குப் போயிருந்தது. ஆசாரி ஒரு மாதமாகக் கையில் காசில்லாமல் வேலை செய்திருக்கிறார். அவர் வீட்டுக்குப் போய் அந்தக் கணக்கைக் கேட்ட நாளை நான் மறக்கவில்லை.

அதனால், தொடங்கும் முன்பே முத்திரைத்தாளில் எழுதுங்கள். மர வேலை யார் செய்வார், அவருக்கு எந்தக் கட்டத்தில் எவ்வளவு, அது கிடைத்ததற்கு அவர் கையெழுத்து. இந்த மூன்றும் அதில் இருக்க வேண்டும். அட்வான்ஸ் பத்து சதவீதத்துக்கு மேல் போகாமல் பாருங்கள். மீதியைத் தேதி வைத்துப் பிரிக்காமல் முடிந்த வேலையை வைத்துப் பிரியுங்கள்: உத்தரம் ஏறியதும் இவ்வளவு, கூரை ஓடு போட்டதும் இவ்வளவு, கதவு மாட்டி ஒழுங்காகச் சாத்தியதும் இவ்வளவு. கடைசி ஐந்து அல்லது பத்து சதவீதம் ஒரு மழைக்காலம் கழியும்வரை உங்கள் கையில் நிற்கட்டும். நம் பக்கத்தில் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டுமே பெய்யும் என்பதால் ஒழுகும் இடம் அதற்குள் தெரிந்துவிடும்.

காண்ட்ராக்டர் பேச்சுக்கே வரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வீடு கட்டித் தருவது 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி சேவைதான். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். அங்கே உங்களுக்குத் துணை நிற்பது அந்தக் கையெழுத்துத் தாளும் வங்கிக் கணக்கும்தான்.

கேள்வி (குழித்துறை): 60 கன அடி என்று வாங்கிய அயனித்தடி (காட்டுப்பலா மரம்), அறுத்து வந்தபோது 41 கன அடிதான் நின்றது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லை, இது நியாயமான அளவுதான். தடிக்குக் கணக்குப் போடும்போது நடுச்சுற்றளவை நான்கால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். சுற்று 48 அங்குலம், நீளம் 10 அடி என்றால் 10 கன அடி. உருண்டையின் உண்மையான கன அளவில் இது சுமார் 78 சதவீதம்தான். அறுப்புச் சேதத்தில் ஒரு பகுதி அந்தக் கணக்கிலேயே கழிந்துவிட்டது. மீதிச் சேதம் வாள்தூளிலும் புறப்பலகையிலும் போகிறது. வளைந்த தடி என்றால் இன்னும் குறையும். நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டு: சுற்றளவைப் பட்டை நீக்கி எடுத்தார்களா, நடுவில் எடுத்தார்களா? அடிப்பக்கத்தில் எடுத்தால் கணக்கு ஏறிவிடும். அடுத்த முறை டேப்பை நீங்களே பிடியுங்கள். புறப்பலகையைக் கேட்டு வாங்குங்கள், வேலிக்கு ஆகும்.

கேள்வி (புளியரை): வெளிநாட்டு வீடியோக்களில் வருவது போல உருட்டுத்தடிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிச் சுவர் எழுப்ப ஆசை. நம் ஊருக்குச் சரிவருமா?

பதில்: ஆசை நல்ல ஆசைதான், ஆனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். மரம் காயும்போது நீளவாக்கில் சுருங்குவது மிகவும் குறைவு. குறுக்குவாக்கில்தான் சுருங்கும். தடிகளை அடுக்கிய சுவரில் எல்லாத் தடியும் படுத்திருப்பதால் மொத்தச் சுருக்கமும் உயரத்தில் வந்து நிற்கும். பச்சைத் தடியில் அடிக்கு அரை அங்குலத்துக்குக் குறையாமல் இறங்கும் என்று வைத்துக்கொண்டால், 9 அடிச் சுவர் நாலரை அங்குலம் இறங்கிவிடும். அதனால்தான் அந்த நாடுகளில் கதவு, சன்னல் தலைக்கு மேல் இடைவெளி விட்டு, அதைப் பலகையால் மறைக்கிறார்கள். தூண் நிற்கும் இடங்களில் திருகி இறக்கும் ஜாக்கியும் வைக்கிறார்கள். இந்த வேலை தெரிந்த ஆசாரி இங்கே கிடைப்பது அரிது. தெரியாதவர் நிலைக்கு மேல் தடியை இறுக்கி வைத்துவிடுவார், ஒரு வருடத்தில் கதவு திறக்காது.

இன்னொன்று மழை. தடியின் மேல்பக்கம் வெடிக்கும், ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் சாரல் அந்த வெடிப்பில் தங்கும். நம் முன்னோர் இதற்கு வேறு வழி கண்டார்கள். கருங்கல் அடித்தளம், அதன் மேல் நிற்கும் தூண்கள், தூண்களுக்கு இடையே பலகைச் சுவர், வெளியே நீட்டிய தாழ்வாரம். தக்கலையில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனையை ஒருமுறை போய்ப் பாருங்கள். 1956ல் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அதைக் கேரள அரசுதான் பராமரிக்கிறது. மரத்தூண் எங்கே நிற்கிறது, இறவாரம் எவ்வளவு தாழ்ந்து வருகிறது என்பதை மட்டும் கவனித்து வாருங்கள். உங்கள் ஆசாரியையும் கூட்டிப் போனால் இன்னும் நல்லது. மரம் நிற்கிற தூணில் உயரம் சுருங்காது, பலகைகளுக்குக் காடி வெட்டி விட்டால் அவை தம் பாட்டுக்குச் சுருங்கி விரியும். மழைக்கு மூன்று அடி இறவாரம் விடுங்கள்.

எந்த வகை கட்டினாலும் மரத்தைக் காயவிடுங்கள். அங்குலத்துக்கு ஒரு வருடம் என்று பழைய கணக்கு. நிழலில், தரையிலிருந்து உயர்த்தி, பலகைகளுக்கு நடுவே சின்னப் பட்டைகள் வைத்து அடுக்குங்கள், இரண்டு முனையிலும் பெயின்ட் அடியுங்கள். ஈரம் பார்க்கும் மீட்டர் இன்று கையடக்கமாகக் கிடைக்கிறது. கதவு, சன்னலுக்கு 12 முதல் 15 சதவீதத்துக்குள் வந்த பிறகே இழைப்புக்கு விடுங்கள். “காய்ஞ்ச மரம்தான்” என்று கடைக்காரர் சொன்னால் மீட்டரைக் குத்திக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி (களியக்காவிளை): தூணைக் கான்கிரீட்டுக்குள் ஒரு அடி புதைத்தால் உறுதி என்கிறார் கொத்தனார். ஆசாரி கூடாது என்கிறார்.

பதில்: ஆசாரி சொல்வதுதான் சரி. கான்கிரீட்டும் மரமும் சேரும் விளிம்பில் ஈரம் தங்கி, அங்கேதான் முதலில் உளுக்கும். கல் பாதத்தின் மேலோ, தரையை விட்டு உயர்ந்த இரும்புச் செருப்பின் (தூணின் அடியைப் பிடிக்கும் இரும்புத் தாங்கி) மேலோ தூணை நிறுத்தி போல்ட் போடுங்கள். கொத்தனார் போல்ட்டைக் கான்கிரீட் போடும் அன்றே, ஆசாரியின் அளவுப்படி வைக்க வேண்டும். அன்றைக்கு இருவரும் வேலை இடத்தில் இருக்கட்டும்.

கேள்வி (கடையநல்லூர்): பிளம்பர் குழாய் கொண்டுபோக மச்சு உத்தரத்தின் அடியில் நடுவே வெட்டிவிட்டார்.

பதில்: வெட்டிய இடத்துக்குக் கீழே உடனே முட்டுக் கொடுங்கள். பாரம் வரும்போது உத்தரத்தின் அடிப்பக்கம்தான் இழுபடுகிறது, அதுவும் நடுவில் அதிகம். இருபுறமும் முழு நீளத்துக்குப் பலகை சேர்த்து போல்ட் போட்டு வலுப்படுத்தலாம், பொறியாளர் ஒருவர் பார்த்த பிறகு. ஆசாரியைக் கேட்காமல் யாரும் மரத்தில் வாள் வைக்கக்கூடாது என்று பிளம்பர், எலக்ட்ரீஷியன் இருவரிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். குழாய்க்குத் துளை தேவை என்றால் உத்தரத்தின் உயரத்தில் நடு மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். அப்புறம், மர வீட்டில் வயர் எல்லாம் குழாய்க்குள்ளேயே ஓட வேண்டும், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் கருவி) கட்டாயம்.

கேள்வி (தென்காசி): கேரளத்தில் புனலூர் பக்கம் எங்கள் பூர்வீக நிலத்தில் இரண்டு தேக்கு நிற்கிறது. அறுத்து இங்கே கொண்டுவரலாமா?

பதில்: வெட்டுவதற்கு முன்பே அங்குள்ள வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள். சொந்த மரமானாலும் எல்லை தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டும், அறுத்த பலகைக்கும்தான். லாரிக்காரர் “நான் பார்த்துக்கிறேன்” என்றால் ஏற்றாதீர்கள். சோதனைச் சாவடியில் பிடித்தால் வழக்கு உங்கள் பெயரில் வரும்.

கேள்வி (மார்த்தாண்டம்): கூரை வேலையில் ஒரு கையாள் விழுந்து கால் முறிந்தது. அவருக்கு நலவாரியப் பதிவு இல்லை.

பதில்: ஆஸ்பத்திரிச் செலவை இப்போது நீங்களும் காண்ட்ராக்டரும் பகிர்ந்துகொள்ளுங்கள். யார் பொறுப்பு என்ற வாக்குவாதத்தை அவர் எழுந்து நடந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். மற்ற ஆட்கள் எல்லோரையும் இந்த வாரமே கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதியச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கு உள்ளவர்களுக்குப் பிரதமர் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீடு வருடத்துக்கு 20 ரூபாய்தான். உயிர்போனால் 2 லட்சம் கிடைக்கும், எலும்பு முறிவுக்கு எல்லாம் கிடைக்காது. அந்த 20 ரூபாயை நீங்களே கட்டிவிடுங்கள். கூரையேறும் ஆளுக்கு இடுப்புக் கயிறும், கட்டுவதற்கு மோந்தாயத்தில் ஒரு வளையமும் நாளை காலை வேலை தொடங்கும் முன் இருக்க வேண்டும்.