பிக்கப்பில் எத்தனை வயர்?

வாங்குவோர் கேள்வி-பதில்

இந்த முறை எலெக்ட்ரிக் கிட்டார்காரர்கள் தபால் பையை நிறைத்துவிட்டார்கள். கிட்டார் தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக்குவது பிக்கப். அதில் இரண்டு காயில் (கம்பிச் சுருள்) உள்ள வகை ஹம்பக்கர். அந்த இரண்டு காயில்களில் ஒன்றை சுவிட்ச் மூலம் நிறுத்தி வாசிக்கும் காயில் ஸ்ப்ளிட் ஆசை எல்லோருக்கும் வந்திருக்கிறது. மற்ற கடிதங்கள் அடுத்த முறை.

ஹம்பக்கர் ஒன்றும் புஷ்-புல் பாட் (குமிழை இழுத்தால் சுவிட்சாகவும் வேலை செய்யும் வால்யூம் கட்டுப்பாடு) ஒன்றும் வாங்கிவிட்டேன். பிக்கப்பிலிருந்து உலோகப் பின்னலுக்குள் ஒரே ஒரு வயர்தான் வருகிறது. எதை எங்கே பற்றவைப்பது? (திருப்பூர்)

எங்கேயும் முடியாது. இரண்டு காயில்களும் சேரும் இடத்திலிருந்து ஒரு வயர் வெளியே வந்தால்தான் சுவிட்ச் அதை கிரவுண்டில் சேர்த்து ஒரு காயிலை வாயடைக்க முடியும். உங்களுடையதில் அந்த இணைப்பு உள்ளே டேப் சுற்றிக் கிடக்கிறது. அதைப் பிரித்து நான்கு வயராக மாற்றித் தருபவர்கள் உண்டு. ஆனால் காயில் கம்பி தலைமுடி போல மெல்லியது, முதல் வேலையாக அதில் கை வைக்காதீர்கள். இதைத் திரும்ப எடுத்துக்கொண்டு நான்கு வயர் பிக்கப் தருவார்களா என்று கடையில் கேளுங்கள். நான்கு வயரும் ஒரு வெற்றுக் கம்பியும் இருக்கிறதா என்பதைக் காசு கொடுக்கும் முன் கேட்டிருக்க வேண்டும். பாட் வீணாகாது, பத்திரமாக வையுங்கள்.

ஸ்ப்ளிட் செய்தால், ஒற்றைக் காயில் பிக்கப் உள்ள அசல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரின் சத்தம் வருமா? (மதுரை)

வராது.

இணையப் படத்தைப் பார்த்து நிறத்துக்கு நிறம் பற்றவைத்தேன். படம் சீமோர் டங்கன் நிறுவனத்துடையது, என் பிக்கப் டிமார்சியோ நிறுவனத்துடையது. சத்தம் மூக்கடைத்த மாதிரி இருக்கிறது, இரைச்சல் வேறு. பிக்கப் பழுதா? (சேலம்)

பிக்கப் மேல் பழி போடாதீர்கள். டங்கனில் கறுப்பு சிக்னல், சிவப்பும் வெள்ளையும் ஒன்றாகச் சேரும். டிமார்சியோவில் சிவப்பு சிக்னல், கறுப்பும் வெள்ளையும் சேரும். இரண்டிலும் பச்சையும் வெற்றுக் கம்பியும் கிரவுண்டு. நீங்கள் செய்ததில் ஒரு காயில் தலைகீழாகிவிட்டது. இரண்டும் ஒன்றின் சத்தத்தை ஒன்று தின்கின்றன, அடக்க வேண்டிய இரைச்சலையோ கூட்டுகின்றன. சிவப்பையும் கறுப்பையும் இடம் மாற்றுங்கள், சரியாகிவிடும்.

இந்த இரு நிறுவனங்களாவது நிறப் பட்டியலை வெளியிடுகின்றன. பெயர் தெரியாத பிக்கப் பெட்டியைத் திறந்து பாருங்கள். திருகு இருக்கும், ஸ்பிரிங் இருக்கும், ஒட்டிக்கொள்ள ஸ்டிக்கர்கூட இருக்கும். எந்த நிறம் எந்த முனை என்று சொல்லும் துண்டுச் சீட்டு மட்டும் இருக்காது. அதை அச்சடிக்க எவ்வளவு செலவாகிவிடும்? கடையில் கேட்டால், "எல்லாம் ஸ்டாண்டர்டு கலர்தான் சார்" என்பார்கள். அப்படி ஒரு ஸ்டாண்டர்டு கிடையவே கிடையாது. டங்கனுக்கும் டிமார்சியோவுக்குமே ஒத்துப்போகவில்லை என்பதைச் சேலம் அன்பர் கையைச் சுட்டுக்கொண்டு பார்த்துவிட்டார். சீட்டு இல்லாத பிக்கப்பைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் மல்டிமீட்டரை 20 கிலோ ஓமில் வையுங்கள். எந்த இரண்டு வயருக்கு நடுவே 4 கிலோ ஓம் போல ஏதாவது காட்டுகிறதோ அவை ஒரு காயில். மீதி இரண்டு இன்னொரு காயில். அந்த மீதி இரண்டும் தங்களுக்குள் எதுவுமே காட்டாவிட்டால் கம்பி அறுந்திருக்கும், பற்றவைக்காமல் திருப்பிக் கொடுங்கள்.

லெஸ் பால் கிட்டாருக்கு ஆன்லைனில் மலிவாக நான்கு புஷ்-புல் பாட் வாங்கினேன். மரை மரத்தைத் தாண்டி வெளியே வரவில்லை, குமிழும் பொருந்தவில்லை. (வேலூர்)

அளந்து பார்த்தீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை. லெஸ் பாலின் மேற்பலகை தடிமனானது, நீள மரை உள்ள பாட்தான் வேண்டும். குமிழ் மாட்டும் தண்டான ஷாஃப்ட் பல் வெட்டியதா வழவழப்பானதா என்பதையும் உங்கள் குமிழைக் கழற்றிப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும். "எல்லா கிட்டாருக்கும் பொருந்தும்" என்று அட்டையில் போட்ட ஒன்று என் மேஜை இழுப்பறையிலும் கிடக்கிறது. ஆனால் நான் வாங்கியது ஒன்றுதான். பொருந்துமா என்று தெரியாமல் நான்கு எதற்கு?

250கே (கிலோ ஓம்) பாட்டா, 500கே பாட்டா? (திருநெல்வேலி)

ஹம்பக்கருக்கு 500. வால்யூமுக்கு 'ஏ' எழுத்து போட்டதாக, அதாவது திருகும்போது சத்தம் சீராக ஏறி இறங்கும் வகையாகக் கேளுங்கள்.

தளத்தில் "நான்கு வயர்" என்று போட்டிருந்த பிக்கப்பை வாங்கினேன். இரண்டு வயர்தான் வந்தது. பெட்டியைப் பிரித்துவிட்டேன், அதனால் திரும்ப எடுக்க முடியாது என்கிறார் விற்பனையாளர். மாணவன் நான், சேர்த்து வைத்த பணம். (ஈரோடு)

தம்பி, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. பெட்டியைப் பிரிக்காமல் வயரை எப்படி எண்ணுவது? 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பனையாளர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. விற்பனைப் பக்கம் மாறுவதற்குள் அதைப் படம் பிடித்து வையுங்கள், வயர் தெரியும்படி பிக்கப்பையும் எடுங்கள். முதலில் தளத்தில் எழுத்தில் புகார், மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. என்ன ஆயிற்று என்று எனக்கும் எழுதுங்கள்.

ஸ்ப்ளிட் போட்டால் 'உர்ர்' என்கிறது. புது பிக்கப் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். (கோவை)

வாங்காதீர்கள். இரைச்சலை அடக்குவதே இரண்டு காயில்களும் சேர்ந்து செய்யும் வேலை. ஒன்றை நிறுத்தினால் அது திரும்பத்தான் செய்யும். பிடிக்கவில்லையென்றால் அதே புஷ்-புல் பாட்டில் ஸ்ப்ளிட்டுக்குப் பதில் இரண்டு காயில்களையும் பேரலலாக (ஒன்றின் பின் ஒன்றாக இல்லாமல் பக்கவாட்டில்) இணையுங்கள். சத்தம் மெலியும், 'உர்ர்' இருக்காது. செலவு கொஞ்சம் ஈயம்தான்.