டெமோவைப் பார்த்து மயங்கலாமா? ஆன்லைன் கடைக்கு டெம்ப்ளேட் வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

கேள்வி: வூகாமர்ஸில் (வேர்ட்பிரஸ் தளத்தைக் கடையாக்கும் மென்பொருள்) ஆன்லைன் கடை தொடங்கப் போகிறேன். ஆயத்த டெம்ப்ளேட் இரண்டைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறேன். ஒன்றைப் பார்த்ததுமே வாங்கத் தோன்றுகிறது: படங்கள் மாறி மாறி வரும் முழுத்திரை ஸ்லைடர், ஸ்க்ரோல் செய்யச் செய்ய மிதந்து வரும் படங்கள், விதவிதமான டெமோக்கள். இன்னொன்று பார்க்கச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் "கோடிங் சுத்தமாக இருக்கிறது, இதை எடுங்கள்" என்கிறார் தெரிந்த டெவலப்பர் ஒருவர். எனக்குக் கோடிங் தெரியாது. வாடிக்கையாளரும் அதைப் பார்க்கப் போவதில்லையே? எதை எடுப்பது, வாங்கும் முன்பே எப்படிச் சோதிப்பது?

பதில்: வாடிக்கையாளர் கோடிங்கைப் பார்ப்பதில்லைதான். ஆனால் 'கார்ட்டில் சேர்' பட்டனைத் தட்டிவிட்டு ஒன்றும் நடக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் கையில் இருப்பது அதன் பலன்தான். எனவே எந்தக் குறையைப் பிறகு சரிசெய்ய முடியும், எதை முடியாது என்று பாருங்கள். நிறம், எழுத்துரு, இடைவெளி, பட்டனின் வடிவம் எல்லாம் நூறு வரி சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழி) மாறிவிடும். பக்கம் முழுவதும் ஒரு பேஜ் பில்டருக்குள் (இழுத்துவைத்துப் பக்கம் அமைக்கும் கருவி) அடைபட்டிருப்பதும், வூகாமர்ஸின் சொந்தக் கோப்புகள் வளைத்து எழுதப்பட்டிருப்பதும் அப்படி மாறாது. ஆகவே எங்கள் சாய்வு கோடிங் பக்கம்தான். அதற்காக விற்பனைப் பக்கத்தில் 'சுத்தமான கோடிங்' என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். அந்த வரி இல்லாத டெம்ப்ளேட்டைக் கண்டுபிடிப்பதே கஷ்டம்.

படங்களை அணைத்துவிட்டுப் பாருங்கள்

டெமோவின் கவர்ச்சியில் பெரும்பங்கு புகைப்படங்களுடையது. தேர்ந்த புகைப்படக்காரர் எடுத்த, ஒரே அளவில் வெட்டிய, ஒரே நிறச்சாயலில் இருக்கும் படங்கள் அவை. பல டெம்ப்ளேட்டுகளில் அந்தப் படங்கள் வாங்குபவருக்குக் கிடைப்பதும் இல்லை. குரோமில் டெமோவைத் திறந்து, முகவரிப் பட்டையின் இடப்பக்கம் உள்ள ஐகானைத் தட்டி, சைட் செட்டிங்ஸில் படங்களை 'பிளாக்' செய்துவிட்டுப் பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். இப்போது கண்ணுக்குத் தெரிவதுதான் நீங்கள் காசு கொடுத்து வாங்கும் டெம்ப்ளேட். விலை எங்கே இருக்கிறது, எழுத்து படிக்க முடிகிறதா, கண் எங்கே போகிறது என்று அதில் பாருங்கள். இரண்டு டெம்ப்ளேட்டுக்கும் இடையில் பெரிதாகத் தெரிந்த அழகு வித்தியாசம் இந்த நிலையில் சுருங்கிப்போவது சகஜம்.

ஹோம் பேஜ் அல்ல, பொருள் பக்கம்

தேடலிலிருந்தும் விளம்பரத்திலிருந்தும் வருபவர்களில் பலர் நேரே பொருள் பக்கத்தில்தான் இறங்குவார்கள். அதனால் சோதனையை அந்தப் பக்கத்தில் நடத்துங்கள். டெம்ப்ளேட் சந்தைகளில் டெமோவின் மேலே ஒரு பட்டை ஒட்டியிருக்கும். அதை மூடிவிட்டு, டெமோவின் சொந்த முகவரிக்குப் போய்விட்டுத்தான் அளக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் அளப்பது சந்தையின் பக்கத்தை.

அந்த முகவரியை கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் கொடுத்து மொபைல் முடிவைப் பாருங்கள். ஒரே முறை ஓட்டி முடிவுகட்டாதீர்கள். மூன்று முறை ஓட்டி நடு மதிப்பை எடுங்கள். கவனிக்க வேண்டியவை எல்சிபி, சிஎல்எஸ், டிபிடி. பக்கத்தின் மிகப் பெரிய படமோ எழுத்துத் தொகுதியோ தெரிய ஆகும் நேரம் எல்சிபி, 2.5 வினாடிக்குள் இருந்தால் நல்லது. ஏறும்போது பக்கம் எவ்வளவு குதிக்கிறது என்பது சிஎல்எஸ், 0.1-ஐத் தாண்டக் கூடாது. ஜாவாஸ்கிரிப்ட் (பக்கத்தை இயங்க வைக்கும் நிரல்) ஓடுவதால் பக்கம் எவ்வளவு நேரம் தட்டலுக்குப் பதில் தராமல் உறைகிறது என்பது டிபிடி. இதற்கு 2024 மார்ச்சிலிருந்து கூகுள் அளவுகோலாக வைத்திருப்பது ஐஎன்பி, அதாவது தட்டலுக்குப் பக்கம் பதில் தர ஆகும் நேரம் (வரம்பு 200 மில்லிவினாடி). ஆனால் அது உண்மையான பயனர்களிடமிருந்து மட்டுமே கிடைக்கும் அளவு. ஆளில்லாத டெமோவுக்கு அது கிடைக்காது, டிபிடியை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

டெமோவை விற்பனையாளர் நல்ல சர்வரில், கேஷ் (பக்கத்தைத் தயாராகச் சேமித்து வைக்கும் வசதி) எல்லாம் போட்டு வைத்திருப்பார். உங்கள் ஹோஸ்டிங்கில் அந்த வினாடிக் கணக்கு வராது. ஆனால் எடை எங்கே போட்டாலும் எடைதான். குரோமில் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதிக்குப் போய், 'டிஸேபிள் கேஷ்' தேர்ந்து, வேகத்தை 'ஸ்லோ 4ஜி' என்று வைத்துப் பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். மொத்தம் எத்தனை கோப்புகள், எத்தனை எம்பி என்று அடியில் வரும். 'ஜேஎஸ்' என்ற வடிகட்டியைத் தட்டினால் ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் தனியாகத் தெரியும். எங்கள் கைக்கணக்கு இது: பொருள் பக்கம் 2 எம்பிக்குள், அதில் ஜாவாஸ்கிரிப்ட் 300 கேபிக்குள் இருந்தால் நிம்மதி. 700, 800 கேபி ஜாவாஸ்கிரிப்ட் டெமோவிலேயே இறங்கினால், பேமென்ட், சாட், விளம்பரக் கண்காணிப்பு எல்லாம் நீங்கள் சேர்த்த பிறகு மலிவு விலை போன்களில் அந்தக் கடை திணறும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. டெவ்டூல்ஸில் (எஃப்12 அழுத்தினால் திறக்கும் கருவிகள்) உள்ள கவரேஜ் பகுதி, இறங்கிய கோடிங்கில் எவ்வளவு பயன்படவில்லை என்று காட்டும். அதில் 70 சதவீதம் சிவப்பாக இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். நல்ல டெம்ப்ளேட்டிலும் அப்படி வரும். இரண்டையும் ஒப்பிட மட்டும் அந்த எண் உதவும்.

ஸ்லைடர் ஏன் இழுக்கிறது

முழுத்திரை ஸ்லைடரைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். பிரவுசர் எச்டிஎம்எல்லை (பக்கத்தின் அடிப்படைக் கோப்பு) படிக்கத் தொடங்கியதுமே அதில் உள்ள படங்களின் முகவரிகளை முன்கூட்டியே கண்டுபிடித்து இறக்க ஆரம்பிக்கும். ஸ்லைடரின் முதல் படம் சாதாரணப் படமாக எச்டிஎம்எல்லில் இருந்தால் இந்த வசதி அதற்கும் கிடைக்கும். பல ஸ்லைடர்களில் படத்தைப் பின்னணியாக ஜாவாஸ்கிரிப்ட்தான் வைக்கிறது. அப்போது முதலில் ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் இறங்க வேண்டும், பிறகு ஸ்லைடரின் கோப்பு இறங்கி ஓட வேண்டும், அதற்கப்புறம்தான் படம் என்ற ஒன்று இருப்பதே பிரவுசருக்குத் தெரியவரும். இதோடு 'மெல்லத் தோன்று' அனிமேஷனும் சேர்ந்தால், படம் வந்து சேர்ந்த பிறகும் கண்ணுக்குத் தெரியக் காத்திருக்க வேண்டும். எல்லாப் படங்களுக்கும் கண்மூடித்தனமாக லேசி லோடிங் (படத்தைத் தேவைப்படும்போது மட்டும் இறக்குவது) போட்டிருக்கும் டெம்ப்ளேட்டும் இதே தப்பைத்தான் செய்கிறது. திரையின் மேலே முதலில் தெரியும் படத்துக்கு அது கூடாது.

கோடிங் தெரியாமலே இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. டெவ்டூல்ஸின் செட்டிங்ஸில் ஜாவாஸ்கிரிப்ட்டை நிறுத்திவிட்டுப் பக்கத்தை ஏற்றுங்கள். முதல் படம், பொருளின் பெயர், விலை, விவரம், மெனுவின் லிங்க்குகள் இவ்வளவும் தெரிந்தால் அடித்தளம் சரி. வெறும் வெள்ளைத் திரையோ சுழலும் வட்டமோ மட்டும் வந்தால் அந்த டெம்ப்ளேட்டைத் தள்ளிவையுங்கள்.

வூகாமர்ஸுக்கே உரிய சிக்கல்கள்

வூகாமர்ஸ் தன் கார்ட், பொருள் பக்கம் போன்றவற்றுக்கான கோப்புகளைத் தானே வைத்திருக்கிறது. டெம்ப்ளேட் தயாரிப்பாளர் அவற்றைப் படியெடுத்துத் தன் விருப்பப்படி மாற்றி எழுதலாம். அழகுக்காக நாற்பது ஐம்பது கோப்புகளை மாற்றி எழுதும் டெம்ப்ளேட்டுகள் உண்டு. வூகாமர்ஸ் புதிய பதிப்பில் அசல் கோப்பு மாறினால், டெம்ப்ளேட்டில் இருக்கும் பழைய படி அப்படியே நிற்கும். விளைவு, ஒரு அப்டேட்டுக்குப் பிறகு கூப்பன் பெட்டி காணாமல் போகும், அல்லது வேரியன்ட் (ஒரே பொருளின் நிறம், சைஸ் போன்ற வகை) தேர்ந்தெடுத்தாலும் விலை மாறாது. நிறுவிய பிறகு வூகாமர்ஸ் ஸ்டேட்டஸ் பக்கத்தின் 'டெம்ப்ளேட்ஸ்' பகுதியில் மாற்றி எழுதப்பட்ட கோப்புகளின் பட்டியலும், எவை காலாவதியானவை என்பதும் தெரியும். வாங்கும் முன் பார்க்க வேண்டுமென்றால் டெம்ப்ளேட்டின் மாற்றப் பதிவேட்டைப் படியுங்கள். வூகாமர்ஸின் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் சில வாரங்களில் ஒரு அப்டேட் வந்திருக்கிறதா, அல்லது எட்டு மாதம் ஒன்றுமில்லாமல் கிடக்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

விற்பனையாளரிடம் நேரடியாகவே கேளுங்கள்: 'எத்தனை வூகாமர்ஸ் கோப்புகளை மாற்றி எழுதியிருக்கிறீர்கள்? ப்ளாக் முறை கார்ட்டும் செக்அவுட்டும் ஒழுங்காக வருமா? எந்த ப்ளகின்கள் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்கள்) இல்லாவிட்டால் ஓடாது?' இரண்டாவது கேள்விக்குக் காரணம் உண்டு. ப்ளாக் முறை என்பது பக்கத்தைத் தனித்தனித் துண்டுகளாகக் கட்டும் வேர்ட்பிரஸின் புதிய முறை. 2023 நவம்பரில் வந்த 8.3 பதிப்பு முதல் புதிய கடைகளுக்கு ப்ளாக் செக்அவுட்தான் இயல்பாக வருகிறது. பழைய முறையை மட்டும் நினைத்து எழுதிய டெம்ப்ளேட்டில் கடை முழுக்க ஜொலிக்கும், பணம் கட்டும் பக்கம் மட்டும் ஒட்டாமல் நிற்கும்.

வேரியன்ட்டுகளிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒரு பொருளுக்கு 30 வேரியன்ட் வரை வூகாமர்ஸ் எல்லா விவரத்தையும் பக்கத்தோடு சேர்த்தே அனுப்பும். அதைத் தாண்டினால் வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்த பிறகு சர்வரிடம் கேட்டு வாங்கும். டெம்ப்ளேட்டின் அழகான நிற வட்டங்கள் முதல் முறையை மட்டும் நம்பி எழுதப்பட்டிருந்தால், ஆறு வேரியன்ட் கொண்ட டெமோவில் எல்லாம் ஓடும். எட்டு நிறம், ஐந்து சைஸ் என்று 40 வேரியன்ட் வைக்கும் உங்கள் கடையில் படம் மாறாது, ஸ்டாக் இல்லாததும் இருப்பதுபோலத் தெரியும்.

டெம்ப்ளேட்டோடு இலவசமாக வரும் ப்ளகின்களை வரவாக எண்ணாதீர்கள். பெரும்பாலும் உங்கள் பெயரில் அவற்றுக்கு லைசென்ஸ் இருக்காது. டெம்ப்ளேட் தயாரிப்பாளர் புதிய பதிப்பைச் சேர்த்துத் தந்தால்தான் அப்டேட். 2014 டிசம்பரில் ஸ்லைடர் ரெவல்யூஷன் ப்ளகினின் பழைய பதிப்பில் இருந்த ஓட்டை வழியாக 'சோக்சோக்' என்ற தீநிரல் ஏராளமான வேர்ட்பிரஸ் தளங்களில் புகுந்தது. ப்ளகின் தயாரிப்பாளர் ஓட்டையை ஏற்கனவே அடைத்திருந்தார். ஆனால் டெம்ப்ளேட்டுக்குள் ஒட்டிக்கொண்டு வந்ததால், அந்த ப்ளகின் தங்களிடம் இருப்பதே பல தள உரிமையாளர்களுக்குத் தெரியவில்லை.

எளிமையானதும் ஏமாற்றும்

இரண்டாவது டெம்ப்ளேட்டுக்கும் அதே கண்டிப்பு வேண்டும். ஒன்றுமே இல்லாத டெம்ப்ளேட் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் 100 மதிப்பெண் வாங்குவது பெரிய காரியமில்லை. உங்களுக்கு வடிகட்டி, சைஸ் சார்ட், விருப்பப் பட்டியல் எல்லாம் கட்டாயம் வேண்டும், அவற்றுக்காக ஐந்து ப்ளகின் போடப் போகிறீர்கள் என்றால், ஒவ்வொன்றும் தன் ஜாவாஸ்கிரிப்ட்டைக் கொண்டுவரும். இவற்றையெல்லாம் உள்ளேயே ஒழுங்காகச் செய்திருக்கும் கனமான டெம்ப்ளேட் கடைசியில் லேசாக முடியலாம். தேவைப் பட்டியலை எழுதி வைத்துக்கொண்டு, டெம்ப்ளேட்டையும் ப்ளகின்களையும் கூட்டித்தான் எடை போட வேண்டும்.

அழகு தேவையில்லை என்றும் யாரும் சொல்லவில்லை. முன்பின் தெரியாத கடையில் கார்டு எண்ணைக் கொடுக்க நம்பிக்கை வேண்டும். கோணல்மாணலான பக்கம் அதைக் கெடுக்கும். வெளிர் சாம்பல் எழுத்தை வெள்ளையில் வைப்பது சில டிசைனர்களுக்கு ஏனோ பிடித்திருக்கிறது. சாதாரண அளவு எழுத்துக்குப் பின்னணியோடு 4.5-க்கு 1 என்ற வேறுபாடாவது வேண்டும். டேப் கீயை மட்டும் அழுத்தி மெனுவிலிருந்து செக்அவுட் வரை போக முடிகிறதா என்றும் பாருங்கள். இரண்டு நிமிட வேலைதான். எழுதியவர் எவ்வளவு கவனமானவர் என்பது இதில் தெரியும் அளவுக்கு வேறெதிலும் தெரியாது.

அப்படியும் முதல் டெம்ப்ளேட்தான் வேண்டும் என்றால்

பணம் திரும்பக் கிடைக்கும் விதியை முதலில் படியுங்கள். பதிவிறக்கிய பிறகு தர மாட்டோம் என்பது டிஜிட்டல் பொருள்களில் சகஜம். திருட்டுப் பதிப்பாக இலவசமாகக் கிடைப்பதைத் தொடவே தொடாதீர்கள்.

நேரடிக் கடையில் போடாமல் ஒரு ஸ்டேஜிங் தளத்தில் (சோதனைக்கான நகல்) நிறுவி, சைல்டு தீம் (உங்கள் மாற்றங்களைத் தனியாக வைக்கும் துணை டெம்ப்ளேட்) ஒன்றையும் ஏற்றிக்கொள்ளுங்கள். அசல் கோப்பில் கைவைத்தால் அடுத்த அப்டேட்டில் அந்த மாற்றம் போய்விடும். டெமோ உள்ளடக்கத்தை முழுசாக இறக்காதீர்கள். உங்களிடம் உள்ளதிலேயே வில்லங்கமான பத்துப் பொருள்களை ஏற்றுங்கள்: மூன்று வரிக்கு நீளும் பெயர், செங்குத்துப் படம், படமே இல்லாதது, ஸ்டாக் தீர்ந்தது, தள்ளுபடி விலை போட்டது, 40 வேரியன்ட் உள்ளது.

பிறகு ஸ்லைடரை எடுத்துவிட்டு ஒரே ஒரு நிலையான படம் வையுங்கள். ப்ரீலோடரையும் (பக்கம் ஏறும்வரை சுழலும் வட்டம்) ஸ்க்ரோல் அனிமேஷனையும் அணையுங்கள். எழுத்துருவில் இரண்டு தடிமன் போதும். பயன்படுத்தாத வசதிகளையெல்லாம் நிறுத்திவிட்டு, நெட்வொர்க் பகுதியில் ஜாவாஸ்கிரிப்ட் அளவை மறுபடி பாருங்கள். கணிசமாக இறங்கியிருந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் அதே அளவு இறங்கிக்கொண்டிருந்தால், வசதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாக் கோப்பையும் ஏற்றும்படி எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். விதி இடம் தந்தால், கெடு முடிவதற்குள் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.