இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் நூலைக் கழிக்கலாமா?

கேள்வி: திருவாரூர் அருகே ஊர் வாசகசாலை நடத்துகிறோம். அலமாரிகள் நிரம்பிவிட்டன. இணையத்தில் இலவசமாக உள்ள நூல்களையெல்லாம் கழித்துவிடலாமா?

பதில்: எல்லாவற்றையும் கூடாது. முதலில் நூலில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பாருங்கள். 5 ஆண்டுகளாக யாரும் எடுக்காதவை, தாளின் மூலையை இருமுறை மடித்தாலே ஒடிபவை, கூடுதல் படிகள் ஆகியவற்றை மட்டும் தனியே எடுங்கள். 'பொன்னியின் செல்வன்' இணையத்தில் இலவசம்தான். ஆனால் அதைத் தேடி வரும் பெரியவர் ஐந்து பாகத்தையும் கைபேசியில் படிக்கமாட்டார். அது கிழிந்தால் புதிது வாங்குவதே சரி.

எடுத்தவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகம், மதுரைத் திட்டம், இன்டர்நெட் ஆர்க்கைவ் ஆகிய இணைய நூலகங்களில் தேடுங்கள். தலைப்பு ஒத்திருந்தால் மட்டும் போதாது. பதிப்பாசிரியர், ஆண்டு, பக்க எண்ணிக்கையும் பொருந்த வேண்டும். மதுரைத் திட்டத்தில் பல இலக்கியங்களுக்கு மூலபாடம் மட்டுமே இருக்கும்; உங்கள் பதிப்பின் உரையும் சொல்லடைவும் (எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்ற பட்டியல்) அதில் இராது. ஸ்கேன் படிகளில் மடித்து ஒட்டிய வரைபடங்கள் பெரும்பாலும் விடுபட்டிருக்கும். முதலும் கடைசியும் தவிர, நடுவிலும் பத்துப் பக்கமாவது திறந்து பாருங்கள். ஆர்க்கைவில் ஒரு மணி நேர இரவலாகக் கிடைப்பதை நம்பிக் கழிக்காதீர்கள். பதிப்பகங்கள் தொடுத்த வழக்கால் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் அங்கே இரவலிலிருந்து நீக்கப்பட்டன. வாட்ஸ்அப்பில் சுற்றும் பிடிஎஃப் வேண்டவே வேண்டாம். நாட்டுடைமையான (அரசு உரிமை பெற்றுப் பொதுவாக்கிய) நூல்களும், ஆசிரியர் மறைந்த மறு ஆண்டு தொடங்கி 60 ஆண்டு முடிந்தவையும்தான் பாதுகாப்பானவை. கல்கி மறைந்தது 1954. 2015 முதல் காப்புரிமைத் தடையே இல்லை.

கோப்பை இறக்கி, நூலின் பதிவெண்ணையே பெயராக இட்டு, இரண்டு ஹார்ட் டிஸ்கில் வையுங்கள். இணைப்பை மட்டும் குறித்து வைத்தால் நாளை அது திறக்காமல் போகலாம். பதிவேட்டில் வரியை அழிக்காமல் சிவப்பு மையில் 'நீக்கம்' என்று எழுதி, தேதி, நீக்க முடிவெடுத்த வாசகசாலைக் குழுவின் தீர்மான எண், கோப்பின் பெயர் சேருங்கள். நூலின் முகப்புப் பக்கத்தில் 'நீக்கப்பட்டது' முத்திரை குத்துங்கள்; இல்லாவிட்டால் யாராவது திருப்பிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அரசு நூலகம் தந்த நூலானால் அவர்கள் அனுமதி வேண்டும்.

கும்பாபிஷேக மலர், தலபுராணம், பாசன சங்க அறிக்கை, உள்ளூர்ச் சிற்றிதழ் இவற்றை, இணையத்தில் இருந்தாலும், ஒடிந்துபோயிருந்தாலும் கழிக்காதீர்கள். இந்த ஊருக்கு வெளியே இவற்றுக்கு வேறு படியே இல்லாமல் இருக்கலாம். பருத்தித் துணியில் சுற்றித் தனிப் பெட்டியில் வைத்து, நீங்களே ஸ்கேன் செய்யுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். தரையில் அடுக்கிய நூல்களில் ஈரக்காற்றால் பூஞ்சை பிடிக்கும், கரையானும் ஏறும். பங்குனி, சித்திரையில் ஒவ்வோர் அலமாரியாகச் செய்யுங்கள்.